அப்பீலை நாங்கள் விட்டாலும் அவர்கள் விடவில்லை

2025 ஜூலை 7

அப்பீலை வாபஸ் வாங்கிவிடலாம் என்று அண்ணன் இன்று ஒப்புக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை செய்து கொடுத்த இரும்பு வேலைக்கு ஒரு பெரிய கம்பெனி பில்லை நிறுத்திவைத்தது. கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனில் அசல் முழுக்க எங்களுக்குத் தீர்ப்பானது. பணம் முடங்கிக் கிடந்த காலத்துக்கான வட்டி மட்டும் இல்லை என்றாகிவிட்டது. தாமதமானால் வட்டி கேட்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. இரு தரப்பும் அப்படி எழுதிக்கொண்டால் நடுவருக்குக் கை கட்டுதான், 1996ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நடுவர் தீர்ப்பை (அவார்டு) எதிர்த்து 34ஆம் பிரிவில் கோர்ட்டில் மனு போட்டோம், தள்ளுபடி. அப்புறம் 37ஆம் பிரிவில் இந்த அப்பீல்.

அண்ணனுக்கு ஏப்ரல் 30 தீர்ப்பின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கு அது. நடுவர் தீர்ப்பைச் சில சூழல்களில் நீதிமன்றம் திருத்தலாம் என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். தம்புச் செட்டித் தெரு ஆபீசில் வக்கீல் மேடம் பொறுமையாக விளக்கினார்: "அதுல வட்டின்னு பேசியிருக்கறது அவார்டுக்குப் பிறகு ஓடற வட்டியைப் பத்தி. நீங்க கேக்கறது அதுக்கு முந்தினது." அண்ணன் வெகுநேரம் பேசவில்லை.

இதற்கிடையில் அசலும் வரவில்லை. எப்போது கேட்டாலும் அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரே பதில்: அப்பீல் நிலுவையில் இருக்கிறது. ஸ்டே எதுவும் கிடையாது. அப்பீல் போட்டதும் நாங்கள். எங்கள் வழக்கையே எங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்குப் பூட்டாக்கிவிட்டார்கள்.

ஜூலை 15

வாபஸ் மெமோவின் நகலைக் கொடுத்ததும் ஆட்சேபணை வந்துவிட்டது. தங்களுக்கு வக்கீல் செலவு ஆகியிருக்கிறதாம், அதைத் தர வேண்டுமாம். அதுகூடப் பரவாயில்லை. அவார்டு தேதிக்குப் பிந்திய வட்டியையும் நாங்கள் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால்தான் வாபஸுக்குச் சம்மதமாம். அந்த வட்டி சட்டப்படி பணம் கட்டும் நாள் வரை ஓடும். அதை அப்பீலில் யாருமே கேள்வி கேட்கவில்லை. படித்தபோது எனக்கு உடம்பே நடுங்கியது.

எழுதிக் கொடுக்க மாட்டோம்.

ஜூலை 22

இன்று இரண்டு நீதிபதிகள் அமர்வில் வந்தது. எதிர்த்தரப்பு சீனியர் நிறையப் பேசினார்: விசாரணை இவ்வளவு தூரம் வந்தபின் பாதியில் விட்டுப் போகக்கூடாது, வழக்கின் சாரத்தைப் பார்த்தே முடிவு சொல்லுங்கள் என்றார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் கிராஸ் அப்ஜெக்‌ஷன் போட்டிருக்கிறீர்களா? போடவில்லை. அப்பீலில் எதிர்த்தரப்பு தன் பங்குக்குப் போடும் எதிர் ஆட்சேபம் அது. போட்டிருந்தால் அப்பீல் வாபஸ் ஆன பின்னும் அது தனியாக நடந்திருக்கும், சிவில் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அவர்கள் கையில் எதுவும் இல்லை.

பிஜு பட்நாயக் சம்பந்தப்பட்ட தேர்தல் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எங்கள் மேடம் எடுத்துக் காட்டினார். அப்பீல் போட்டவர் நிபந்தனை எதுவும் கேட்காமல் விலகினால் அது அவர் உரிமை. மறுபடி போட அனுமதி வேண்டும் என்று கேட்டால்தான் நீதிமன்றம் யோசிக்க வேண்டும். நாங்கள் அதைக் கேட்கவில்லை. மேடம் வழக்குக் கட்டின் மேல் வாபஸ் பெறுகிறோம் என்று எண்டார்ஸ்மென்ட் எழுதிக் கையெழுத்திட்டார். நீதிபதிகள் உத்தரவு: வாபஸ் பெற்றதால் தள்ளுபடி, செலவு அவரவருக்கு. எங்கள் மேல் எந்த நிபந்தனையும் இல்லை.

கோர்ட் கட்டணம் திரும்ப வராது. சமரசமாக முடிந்திருந்தால் கிடைத்திருக்கும். வட்டிக்காக அண்ணன் பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்தது. அந்த ஷரத்து அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சின்னப் பட்டறைக்காரன் ஆர்டர் கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில்தான் அதில் கையெழுத்துப் போடுகிறான்.

ஜூலை 28

நிறைவேற்று மனு தயார். ஸ்டே இல்லாத அவார்டை 36ஆம் பிரிவின்படி கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். அவார்டு தேதியிலிருந்து வட்டிக் கணக்கை நானே போட்டேன், ஆடிட்டர் சரிபார்த்தார். அவர்களுடைய வங்கிக் கணக்கை ஜப்தி செய்யக் கேட்டிருக்கிறோம். அண்ணன் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கோர்ட்டுல மனுவுக்கு நம்பர் ஆனதும் எனக்குச் சொல்லு" என்றார்.