குழாய் ஸ்பீக்கர் வரை போக வேண்டிய பேஸ்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் குழுவே கச்சேரி வாசித்த வருடம் அது. குழுவில் நான் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாழ்ந்த சுரங்களை வாசிக்கிறவன். மேடை கோயில் வாசலில். எங்கள் வீடு மூன்று தெரு தள்ளி. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் வந்து உட்கார முடியாது. எதிர்த்தாற்போல் விளக்குக் கம்பத்தில் மைக் செட்காரர்கள் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அதில்தான் கச்சேரி முழுக்கக் கேட்டிருக்கிறாள். இரவு ஒரு மணிக்கு மேல் கிட்டார் பையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா தூங்காமல் காத்திருந்தாள்.

"பாட்டு கேட்டுச்சு, தபேலா கேட்டுச்சு. நீ வாசிச்சியாப்பா? ஒன் கிட்டாரு சத்தம் வரவே இல்லையே."

அன்றைக்கு நான்கு மணி நேரம் விடாமல் வாசித்திருந்தேன். விரல் நுனியெல்லாம் கன்றிப் போயிருந்தது. காலடியில் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற நான்கு பெடல்கள், முதுகுக்குப் பின்னால் அதைப் பெருக்குகிற ஆம்ப், மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேஸ் பெட்டிகள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நெஞ்சுக்குள் அதிர்ந்திருக்கும். ஆனால் மூன்று தெரு தாண்டவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தப் பெடலை வாங்கினேன், எதை விற்றேன் என்பதையெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்விதான் முடிவு செய்தது.

பேஸ் கேட்காவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இளையராஜா பாடல்களை மேடையில் வாசித்த யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பல பாடல்களில் பேஸுக்கென்று தனியாக ஒரு மெட்டே ஓடும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசும், பாட்டு திரும்பும்போது அடங்கிக்கொள்ளும். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸை ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பாதி வித்தை கற்றுக்கொண்டேன். அதெல்லாம் தெருவில் கேட்கிறவருக்குப் போய்ச் சேராமல் இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

அந்தக் காலத்தில் என்னிடம் இருந்த பெடல்கள் நான்கு: கோரஸ், ஆக்டேவ், ஓவர்டிரைவ், 'வா'. எல்லாமே ஆசைப்பட்டு வாங்கியவை. ஒரு கச்சேரிக்கு எனக்கு 800 ரூபாய் வந்தது. ஒரு பெடலுக்குப் பத்துக் கச்சேரிச் சம்பளம் போகும். கோரஸ் மெதுவான பாடல்களுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். வா பெடலை வருடத்துக்கு இரண்டு முறை மிதித்திருப்பேன்.

ஆக்டேவ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் வாசிக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தை அந்தப் பெடல் உண்டாக்கிக் கொடுக்கும். அம்மா அப்படிக் கேட்ட பிறகு, இன்னும் கீழே போனால் சத்தம் பெரிதாகும், தெருவரைக்கும் எட்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே சிவகங்கைப் பக்கம் ஒரு திருவிழா. இரண்டாவது சரணத்தில் ஆக்டேவை மிதித்தேன். நான்கு தாளக்கட்டு போயிருக்கும், இடது பக்கப் பெட்டிகள் மொத்தமாக அமைதியாகிவிட்டன. ஆம்ப் தாங்க முடியாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மைக் செட் வைத்திருந்த பெரியவர் மேடைக்கு ஏறி வந்தார். கோபப்படவில்லை. குனிந்து பெடலைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு அடியில போற சத்தத்தை இங்க எந்தப் பெட்டி பாடும்?" என்றார்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. பேஸின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 55 அதிர்வு. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 27 சொச்சம். 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பேஸ் பெட்டியே 40-க்குக் கீழே திணறும். அங்கே ஆம்பின் பலம் முழுக்கக் கரைகிறது, காதுக்கோ ஒன்றும் வருவதில்லை. குழாயின் கதை இன்னும் மோசம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. பேசுகிற குரல் தெளிவாகத் தொலைவு போக வேண்டும் என்பதற்காகச் செய்த கருவி அது. நான் வாசிக்கிற சுரங்களின் அடிச் சத்தம் பெரும்பாலும் 41-க்கும் 200-க்கும் நடுவில் கிடக்கிறது. அம்மா திண்ணையில் எவ்வளவு நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாலும் அது வந்திருக்காது.

விடை ஒரு கல்யாண வரவேற்பு வீடியோவில் கிடைத்தது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார். ஏழெட்டுப் பாடல்கள். செல்போன் ஸ்பீக்கர் நகம் அளவுதான், அதுவும் அடிச் சத்தத்துக்கு ஊமைதான். எதிர்பார்த்த மாதிரியே எந்தப் பாட்டிலும் என்னைக் காணோம். ஆனால் ஒரே ஒரு வேகமான குத்துப்பாட்டில் மட்டும் பேஸ் ஒவ்வொரு சுரமாகத் தெளிவாகக் கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தப் பாட்டுக்கு மட்டும்தான் நான் ஓவர்டிரைவைப் போட்டிருந்தேன்.

ஓவர்டிரைவ் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது செய்கிற முக்கியமான வேலை வேறு. 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் ஒலித்தால் அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். 110, 165 என்று தொடங்கி 330, 385, 440 என்று மேலே போய்க்கொண்டிருக்கும். கம்பியிலேயே அவை உண்டு, ஆனால் மெலிந்து கிடக்கும். என்னைப் போலப் பழைய கம்பியை மாற்றாமல் விரலால் வாசிக்கிறவர்களுக்கு இன்னும் மெலிவு. ஓவர்டிரைவ் அந்த மேல் மடங்குகளைத் தூக்கி நிறுத்துகிறது. குழாயில் 55 வராது, 330-ம் 385-ம் 440-ம் வரும். அவற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளி 55 என்பதைக் காது பிடித்துக்கொண்டு, வராத அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மனிதக் காது இப்படி ஒரு வேலை செய்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

அதற்காக எல்லாப் பாட்டுக்கும் ஓவர்டிரைவைத் திருகி வைக்க முடியாது. தாலாட்டுக்குக் கரகரப்பு ஆகாது. தவிர, லீட் கிட்டாருக்கென்று செய்த ஓவர்டிரைவ் பெரும்பாலும் அடிச் சத்தத்தைத் தின்றுவிடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது தெரியாது. மேடையில் கிக் டிரம்மோடு சேர்ந்து வாசிக்கும்போது தரையே காலடியிலிருந்து நழுவின மாதிரி இருக்கும். அதனால் நான் பெடல் தேடும்போது ஒரே ஒரு திருகைத்தான் முதலில் பார்ப்பேன். கம்பியின் சுத்தமான சத்தத்தையும் ஓவர்டிரைவ் சத்தத்தையும் நம் விருப்பப்படி கலக்கிற திருகு. பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3 பெடலில் அதற்கு பேலன்ஸ் என்று பெயர், டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் பிளெண்ட். சுத்தமான சத்தம் முக்கால் பங்கு, கரகரப்பு கால் பங்கு. மேடையில் நிற்கிறவருக்கு ஓவர்டிரைவ் போட்டிருப்பதே தெரியாது. தெருமுனையில் தெரியும்.

கடைசியில் சான்ஸ்ஆம்ப்தான் என்னோடு தங்கியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பெடலும்தான், டிஐ பாக்ஸும்தான். கிட்டாரிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலை நீளமான வயரில் இரைச்சல் ஏறாமல், எல்லாச் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸர் வரை அனுப்புகிற வேலையையும் அதுவே செய்துவிடும். மிக்ஸர் அந்த மைக் வயர் வழியாகவே 48 வோல்ட் பேண்டம் பவர் கொடுத்தால் அதிலேயே ஓடும். விருதுநகர்ப் பக்கம் ஒரு கச்சேரியில் மேடைக்கு வந்த லைன் மட்டும் நின்றுபோனது. மிக்ஸருக்கு வேறு லைன். கீபோர்டு அணைந்தது, லீட் கிட்டார்க்காரர் ஆம்ப் அணைந்தது. மைக்கும், டிரம்ஸும், என் பேஸும் மட்டும் மிச்சம். பாடிக்கொண்டிருந்த அக்கா ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை. மூன்று பேருமாக அந்தச் சரணத்தை முடித்தோம். நான் வாசித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த சரணம் அதுதான்.

கரண்ட் பற்றி ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா மேடைகளில் ஜெனரேட்டருக்கு எர்த் கொடுக்காமல் விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிறவர்களும் உண்டு, இரைச்சல் குறைகிறதாம். கம்பியில் கை, மைக்கில் உதடு. அப்போது அடிக்கிற ஷாக்கில் எனக்கு ஒரு முறை பல் கிட்டிக்கொண்டது. அன்றிலிருந்து என் பெடல் பெட்டியில் டெஸ்டர் இல்லாமல் கிளம்புவதில்லை. மேடை ஏறியதும் கிட்டாரில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜிலும் மைக்கின் வலையிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். எரிந்தால், இரும்புக் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றி எர்த் கொடுக்கிற வரைக்கும் யாரையும் மைக்கைத் தொட விடமாட்டேன். விழாக் கமிட்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இரைச்சல்தான் பிரச்சினை என்றால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் வயரின் தரையிணைப்பை மட்டும்தான் துண்டிக்கும். பிளக்கின் எர்த்தில் கை வைக்கவே கூடாது.

பேஸ் வாசிக்கிறவருக்கு அந்த இரைச்சலால் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வருகிற ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம் என்கிற அந்த மின்சார ரீங்காரம் இருக்கிற மேடையில் அந்த ஜி-யைப் பிடித்தால் இரண்டும் உரசி உரசி அலை அடிக்கும். சுருதி சேரவில்லையோ என்று பாடுகிறவர்கள் நம்மைப் பார்ப்பார்கள்.

இப்போது நான் கொண்டு போகிற பலகையில் மூன்றே பெட்டிகள். முதலில் சுருதி பார்க்க டியூனர். பிறகு கம்ப்ரஸர், ஓங்கி அடித்த சுரத்தையும் மெல்லத் தொட்ட சுரத்தையும் ஓரளவு சமமாக்கும். குழாய் வழியாகக் கேட்கிறவருக்கு மெல்லிய சுரம் காணாமல் போகாமல் இருக்க அதுவும் வேண்டும். கடைசியில் சான்ஸ்ஆம்ப். நடுவில் பல பெடல்களின் வேலையை ஒன்றே செய்கிற ஒரு மல்டி எஃபெக்ட் வாங்கி, ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டு நாற்பது விதமாகச் சத்தம் அமைத்து வைத்திருந்தேன். மேடையில் எல்லாமே கொழகொழவென்றிருந்தது. ஆறு மாதத்தில் விற்றுவிட்டேன்.

பல குழுக்களில் இப்போது பேஸ் கிட்டார்க்காரரே இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையில் வாசித்துவிடுகிறார், அல்லது முன்பே பதிவு செய்த டிராக்கில் வந்துவிடுகிறது. செலவு அவர்களுக்கும்தானே. ஆனாலும் டிரம்மர் கொஞ்சம் இழுத்தால் கூடவே இழுக்கவும், பாடகர் சரணத்தை மறந்தால் ஒரு சுற்று கூட்டி வாசிக்கவும் டிராக்குக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்த வருடப் பங்குனிப் பொங்கலுக்கும் எங்கள் ஊரில் நாங்கள்தான். அதே கம்பத்தில் அதே மாதிரி குழாய். மூன்றாவது பாட்டின் நடுவில் கம்ப்ரஸருக்கும் சான்ஸ்ஆம்புக்கும் நடுவிலிருந்த சின்ன பேட்ச் கேபிள் விட்டு விட்டு வந்தது. காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்து முடித்தேன். மேடையில் இருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது அம்மா திண்ணையிலேயே சாய்ந்திருந்தாள்.

"மூணாவது பாட்டுல நடுவுல கொஞ்ச நேரம் நிறுத்திட்டியே, ஏம்ப்பா?"

காலையில் காபி குடித்துவிட்டு அதே திண்ணையில் உட்கார்ந்து அந்த ஜாக்கைக் கழற்றினேன். உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தது. அம்மா சாய்ந்து உட்கார்ந்து, சாமணத்தால் வயரைப் பிடித்துக்கொண்டாள். நான் பற்ற வைத்தேன்.