பொங்கல் முடிந்து நாற்காலிக்கு

20 ஜனவரி 2025, திங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து இரவு முழுக்க பஸ். சிங்கப்பெருமாள் கோவில் நெரிசலிலேயே விடிந்துவிட்டது. கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது செருப்பு வாருக்குள் பாதம் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடித்து மாம்பலம், குளியல், உடனே ராயப்பேட்டை ஆபீஸ்.

“நன்றாக ஓய்வெடுத்தீர்களா அக்கா?” என்று புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். சிரித்து வைத்தேன். விடுமுறையில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது பஸ்ஸில் மட்டும்தான். இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலம், பனங்கிழங்கு அவிப்பது, மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவம் கழுவுவது, பந்தி பந்தியாக இலை போடுவது. திண்ணையில் சாய்ந்து கிடந்த ஆண்களுக்குத்தான் ‘விடுமுறை முடிந்தது, உடம்பை அசையுங்கள்’ என்ற அறிவுரை பொருந்தும். என் சிக்கல் தலைகீழ். ஓடிக்கொண்டிருந்த உடம்பைத் திடீரென்று நாற்காலியில் கட்டிப்போடுகிறார்கள்.

ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது வியாபாரிகளின் மாதாந்திர ஜிஎஸ்டி வரி அறிக்கை, அதன் தாக்கலுக்கு வழக்கமாக இன்றுதான் கெடு. இந்த முறை 22 வரை நீட்டித்திருக்கிறார்கள். பிழைத்தோம்.

21 ஜனவரி, செவ்வாய்

மதியத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கணுக்கால் வீக்கம் முழுதாக வடியவில்லை. காலுக்கு இறங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் சதைக்குப் பெரிய பங்கு உண்டு. சதை சுருங்கும்போது சிரைகள் பிழியப்படும். உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்ப இறங்க விடாது. அசையாமல் உட்கார்ந்தால் இந்த பம்பு வேலை செய்யாது, நீர் பாதத்தில் தங்கிவிடும். மேசைக்கு அடியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். யாருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் கேன் கீழ்த்தளத்தில் இருக்கிறது, நாங்கள் இரண்டாம் மாடி. இதுநாள் வரை எரிச்சலாக இருந்தது இன்று வசதியாகிவிட்டது. ஒரு ஃபைல் முடிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர். பாட்டிலில் பிடித்து வைப்பதில்லை.

22 ஜனவரி, புதன்

கெடு நாள். இரவு ஒன்பது மணி வரை வேலை. படி ஏறி இறங்கியதோடு சரி.

23 ஜனவரி, வியாழன்

பஸ்ஸில் வரும்போது லண்டன் பஸ்களின் ஞாபகம். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1953இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது: நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. கதை அதோடு முடியவில்லை. டிரைவர்களின் சீருடைக் கால்சட்டை இளம் வயதிலேயே இடுப்பில் பெரிய அளவாக இருந்தது என்பதையும் 1956இல் அவர்களே வெளியிட்டார்கள். அப்படியானால் வித்தியாசத்துக்கு வேலை மட்டுமே காரணமாக இருக்காது, முன்பே இருந்த பருமனும் காரணமாக இருக்கலாம். தங்கள் முடிவைத் தாங்களே இப்படிக் குடைந்து பார்த்ததால்தான் அவர்கள் மீது எனக்கு மரியாதை.

இன்று எங்கள் கண்டக்டரோ தம் இருக்கையை விட்டு எழாமல், சில்லறையைக் கைமாற்றி அனுப்பச் சொன்னார். மாரிஸின் கணக்கு குழம்பியிருக்கும்.

25 ஜனவரி, சனி

எதிர்வீட்டு மாமி மொட்டைமாடியில் கோலப்பொடியால் பெரிய எட்டு போட்டு, அதன் மேல் நடக்கிறார். நானும் சேர்ந்துகொண்டேன். எட்டு நடை சர்க்கரையை விரட்டும், சைனஸை விரட்டும் என்று அவர் சொல்வதையெல்லாம் நான் நம்பவில்லை. சாப்பிட்ட பின் எந்த வடிவில் நடந்தாலும் தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். ஆனால் மாமியின் பேச்சு நன்றாக இருக்கிறது, நேரம் போவதே தெரியவில்லை.

ஆபீஸில் ஒருவர் தினம் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று எல்லோரையும் விரட்டுகிறார். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். எனவே என் மாடிப்படிக்கும் கணக்கு உண்டு.

27 ஜனவரி, திங்கள்

இடுப்பு பேசாமல் இருக்கிறது. போன வாரம் மூன்று மணிக்கு வந்த கொட்டாவியும் இல்லை. தம்பியும் இப்போது டம்ளரோடு கீழே இறங்குகிறான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். “ஏனம்மா எல்லோரும் தண்ணீருக்கு இப்படி அலைகிறீர்கள்? கேனை மேலேயே வைக்கச் சொல்கிறேன்” என்றார் சார். வேண்டவே வேண்டாம் என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, அதன் காலாண்டு அறிக்கைக்கு 31 கெடு. ஃபைல்கள் வரத் தொடங்கிவிட்டன.