லேப் ஸ்டீலில் பாட்டு வாசிப்பது: எங்கே வழுக்க, எங்கே வெட்ட

லேப் ஸ்டீல் கைக்கு வந்து முதல் ஆறு மாதம் நான் செய்த ஒரே காரியம் வழுக்குவதுதான். கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, கம்பிகள் மேல் பார் என்கிற கனமான உலோகத் துண்டை வைத்து இழுத்தால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெயில் போவது போலப் போகிறது, அந்த சுகம் கையை விடவே விடாது. நாலு பழைய சினிமாப் பாட்டைத் தேற்றி, பதிவு செய்து ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். "யாருடா அழறது?" என்று கேட்டான். என்ன பாட்டு என்றுகூட அவனுக்குப் பிடிபடவில்லை.

கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டபோது அவன் சொன்னது சரி என்று பட்டது. சுரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வரிகளைக் காணோம். தெரிந்த பாட்டை வாத்தியத்தில் கேட்கும்போது மனசு வரிகளைத் தானாகவே கூடப் பாடிக்கொண்டு வரும். எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வாத்தியம் காட்டாவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காமல் விட்டுவிடுகிறது.

அப்புறம் சுரக் குறிப்பை மூடிவைத்துவிட்டு, பாட்டு வரிகளையே எதிரில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். சின்ன வகுப்பில் படித்த வல்லினம், மெல்லினம் இங்கே வந்து உதவும் என்று யார் கண்டது? வல்லினம் வருகிற இடத்தில் கம்பியைப் புதிதாக மீட்ட வேண்டும். ஒரே நெடில் இரண்டு மூன்று சுரங்களுக்கு நீண்டால் மீட்டவே கூடாது, பார் மட்டும் நகர வேண்டும். இரட்டிக்கிற வல்லினத்தில்தான் விஷயமே இருக்கிறது. "பாட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ட் வருகிற இடத்தில் ஒரு கணம் ஒலி அடைபடும். அந்த அடைப்பை மீட்டும் கையின் விளிம்பால் கம்பியைத் தொட்டுக் கொண்டுவர வேண்டும், பிறகு 'டு'வை மீட்ட வேண்டும். "கண்ணே" என்றால் நேர்மாறு. ண் வழியாகவும் ஒலி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அங்கே கையை வைத்தால் சொல் செத்துவிடும்.

எந்தக் கம்பியில் வாசிப்பது என்பதும் இதை வைத்தே முடிவாகிறது. நான் வைத்திருப்பது சி6 ட்யூனிங், தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. கம்பிக்கு எண் போடுவது மெல்லிய கம்பியிலிருந்து, அதுதான் முதல் கம்பி. சி-யை ஷட்ஜமாக வைத்தால் இரண்டாம் கம்பியில் 12-ஆம் ஃப்ரெட் (சுர இடத்தைக் காட்டும் குறுக்குக் கோடு) ச, 14 ரி, 16 க. அதே காந்தாரம் முதல் கம்பியில் 12-லேயே இருக்கிறது. பாடகர் ரியிலிருந்து க-வுக்கு ஒரே மூச்சில் ஏறினால் இரண்டாம் கம்பியிலேயே 16 வரை போகிறேன். புது எழுத்து என்றால் முதல் கம்பிக்குத் தாவுகிறேன். வீணை மாதிரி இருந்தாலும் கட்டையை வழுக்கியே வாசிக்கிற கோட்டு வாத்தியக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், ஒரே கம்பியில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சுருதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பி இங்கே பலகைக்கு மேலே உயரமாக நிற்பதால் ஃப்ரெட் என்பது வெறும் கோடு, பார் நிற்கிற இடம்தான் சுரம். 22.5 அங்குலக் கம்பி நீளத்தில் முதல் கோடு 3.2 செ.மீ. தள்ளி இருக்கிறது, 12-க்கும் 13-க்கும் நடுவே 1.6 செ.மீ.தான். அதாவது மேலே போகப் போக ஒரே அளவு கைத்தவறு இரண்டு மடங்கு அபஸ்வரமாகக் கேட்கும். மடியில் இருப்பதைச் சாய்வாகப் பார்க்கிறோம் என்பதால் கண்ணும் ஏமாற்றும், பார் கோட்டுக்கு நேர்மேலே இருப்பது போலத் தெரியும், இருக்காது. பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பிகளை லேசாகத் தொட்டபடி கூடவே நகர வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கம்பி தனியாக முனகும். என் பழைய பதிவில் அந்த முனகல்தான் பாதி.

அதிர்வு கொடுப்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. சுரம் தொட்ட உடனே கையை நடுக்குகிறவர்கள் பெரும்பாலும் சுருதி சேராததை மறைக்கிறார்கள், நானும் அப்படித்தான் மறைத்தேன். முதலில் அசையாமல் நிற்கட்டும், வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் ஆடினால் போதும்.

ஹவாயில் 1889 வாக்கில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவன் இந்த வாசிப்பைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். 1932-இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார கிட்டாரும், 'வறுவல் சட்டி' என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த வட்டத் தலை, நீளக் கழுத்து வாத்தியம், மடியில் வைத்து வாசிக்கிற ரகம்தான். அவ்வளவு பழைய சங்கதியில் குத்துப் பாட்டு வாசிக்கப் பார்க்கிறேன் என்பதுதான் இப்போதைய தலைவலி. குறிலாக வந்து கொட்டுகிற வரிகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் பாரை நகர்த்த நேரமே இல்லை. அதனால் பாரை 12-இல் நிறுத்திவிட்டு ப, த, ச, க நான்கையும் நான்கு கம்பிகளில் கட்டைவிரலும் இரண்டு விரல்களுமாக மாற்றி மாற்றி மீட்டுகிறேன், ரி வந்தால் மட்டும் இரண்டு கோடு தாவிவிட்டுத் திரும்புகிறேன். பல்லவி ஒருமாதிரி வந்துவிட்டது. சரணத்தில் இன்னும் மூன்றாவது வரியில் கம்பி மாறிப் போகிறது.