தேங்காய் காரில் வந்தது

தேங்காய் ஒன்பதே காலுக்கெல்லாம் வந்துவிட்டது. ஏசி காரில், பின் சீட்டில், ஜன்னலோரமாக ஒரு மூட்டை. பக்கத்தில் பச்சரிசிப் பை, முறம், ஒரு வாழைத்தார். டிரைவர் எல்லாவற்றையும் தார்சாவில் இறக்கி வைத்துவிட்டு, "ஆச்சி பஸ்ல வாராங்களாம் சார். சொல்லிரச் சொன்னாங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ரூபாயை எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தார். தீபாவளிக்கு மாமியாரைக் கூட்டி வரவென்று அனுப்பிய காரில் மாமியாரைத் தவிர எல்லாம் வந்து இறங்கியிருந்தது.

ஆச்சி வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஒன்றரை மணி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கார்க்காரர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறார். கல்லிடையிலேயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் நேராகத் திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கலாம். ஆனால் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே. துட்டு கேட்கிற எந்த வண்டியிலும் 2021 மே மாதத்துக்கு அப்புறம் ஆச்சி ஏறுவதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசாங்கம் சொன்னது அந்த மாதம்தான். மற்றவர்கள் எல்லாரும் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தபோது, "எப்ப ஊரடங்கு முடியும்" என்று தினமும் போன் போட்டுக் கேட்டது எங்கள் ஆச்சி மட்டும்தான்.

இதில் ஒரு சிக்கல். கட்டணமில்லாதது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும். கல்லிடையிலிருந்து நேராக வருகிற பாபநாசம் வண்டி எல்லாம் காசு கேட்கிற வண்டி. அதனால் ஆச்சி துண்டு துண்டாக வருவாள். சேர்மாதேவி வரை ஒரு வண்டி. அங்கே இறங்கி, கண்ணாடியில் 'மகளிர் கட்டணமில்லாப் பயணம்' என்று எழுதியிருக்கிற வண்டி வருகிற வரை பூக்காரம்மாளோடு உட்கார்ந்து பேச்சு. அப்புறம் பத்தமடை வழியாக ஜங்ஷன். ஜங்ஷனிலிருந்து பாளைக்கு இன்னொன்று. இடையில் எத்தனை எக்ஸ்பிரஸ் வந்து நின்றாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். "ஓசிப் பயணமா ஆச்சி?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. சுருக்குப்பையைப் பிரித்து அன்றைய டிக்கெட் அத்தனையும் எடுத்துக் காட்டுவாள். "டிக்கெட்டு குடுத்தாம்லா? ஓசின்னா டிக்கெட்டு குடுப்பானாடே?"

அப்பாவுக்கு ஆச்சி எப்போதும் நேராகப் பதில் சொல்வதில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மாப்பிள்ளைக்கு முன்னால் அடுப்பங்கரைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அம்மாவைப் பார்த்துத்தான் பேச்சு. அன்றைக்கும் அப்படித்தான்.

"ஏளா, மாப்பிள்ளை காரு அனுப்பிச்சாவ. வெறுங்காரா திருப்பி அனுப்புனா மரியாதையா இருக்குமா? அதான் தேங்காய ஏத்திவிட்டேன்னு சொல்லு."

அப்பா பட்டாசலில் நாற்காலியில்தான் இருந்தார். கதவுக்கும் நாற்காலிக்கும் ஆறடி தூரம். அம்மா திரும்பி, "தேங்காய ஏத்திவிட்டாவளாம்" என்றாள். அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

காரில் ஏற்றாத ஒன்று உண்டு. பலகாரம். முன்பின் தெரியாத டிரைவரை நம்பி முந்திரிக்கொத்தை அனுப்புகிற ஆள் இல்லை ஆச்சி. அதைக் கையோடு, மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள்.

ஆச்சியின் முந்திரிக்கொத்து எங்கள் வீட்டில் பண்ணுகிற சாமானே அல்ல. கேஸ் அடுப்பில் பண்ணினால் அது வேறு என்னவோ ஆகிவிடுமாம். ஊரிலேயே, பின்கட்டில், விறகடுப்பில், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்வாள். அதற்கான கருப்பட்டியை ஆனியிலேயே வாங்கிப் பானையில் போட்டு மூடி வைத்துவிடுவாள். பதனீர் இறங்குகிற காலம் அதுதான். ஐப்பசியில் போய்க் கடையில் புதுக் கருப்பட்டி கேட்பவனை ஆச்சி மனுஷனாகவே மதிப்பதில்லை. வியாபாரி எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் ஒரு வில்லையை உடைத்து, வாயில் போட்டு, கண்ணை மூடி, "சீனி கலந்திருக்கான் சவத்து மூதி" என்று சொன்ன பிறகுதான் விலை பேசவே தொடங்குவாள். சீனி கலக்காத கருப்பட்டிக்கும் இதையேதான் சொல்வாள் என்பது என் சந்தேகம்.

சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்து, எள், ஏலம், சுக்கு எல்லாம் போட்டு வைத்திருப்பார்கள். கருப்பட்டிப் பாகு காய்ச்சி, மண் போக வடிகட்டி, அதில் கொட்டியதும் ஓட்டம் ஆரம்பிக்கும். ஆறிவிட்டால் உருண்டை பிடிக்க வராது, உதிரும். சூட்டோடு பிடித்தால் உள்ளங்கை வெந்துவிடும். வட்டமாக உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களும் "ஸ்... ஸ்..." என்றுகொண்டே பிடிப்பார்கள், யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆச்சி மட்டும் "ஸ்" என்று சொல்வதில்லை. அந்த உருண்டைகள் ஆறி இறுகியதும் மஞ்சள்பொடி போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட்டால் ஒட்டிக்கொண்டு மேலே வரும். பதினைந்து இருபது நாளானாலும் கெடாது. கெடுகிற வரை எந்த வீட்டில் இருந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

இப்படிப் பண்ணியதை ஆச்சி வீட்டுக்கு வீடு சம்படம் பிரித்து வைப்பாள். மூடியின் கைப்பிடியில் சேலைக் கிழிசல் கட்டியிருக்கும். சிவப்புக் கிழிசல் பெங்களூர் மாமாவுக்கு. நீலம் மெட்ராஸில் இருக்கிற அக்காவுக்கு. கிழிசலே இல்லாதது எங்களுக்கு. இதற்குள் ஒரு அரசியல் இருக்கிறது, அது பிறகு வரும்.

அம்மா பையைத் தூக்கியதுமே, "என்னம்மா, கனமே இல்ல?" என்றாள்.

திறந்தோம். சிவப்பில் கழுத்து வரை இருந்தது. நீலத்திலும் அப்படியே. எங்கள் சம்படத்தில் அடித்தட்டு தெரிந்தது. மேலே நாலைந்து கொத்து, ஒரு ஓரமாக.

ஆச்சிக்குக் கொஞ்சமாவது வருத்தம் இருக்க வேண்டுமே. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கணக்கு ஒப்பித்தாள். வீரவநல்லூரில் ஏறிய பிள்ளைத்தாச்சி, வாசம் பிடித்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்காமல் இருக்கலாமா? அவளுக்குக் கொடுத்தால் அவள் மாமியாருக்குக் கொடுக்க வேண்டாமா? காருகுறிச்சியில் ஏறிய பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ஒன்று. அவன் கூட்டாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். சேர்மாதேவிப் பூக்காரிக்கு நல்லநாளும் அதுவுமாகக் கொடுக்காமல் எப்படி? கண்டக்டர் முதலில் வேண்டாம் என்றிருக்கிறார், சுகர் இருக்கிறதாம். "கருப்பட்டிதான்யா, ஒண்ணும் செய்யாது" என்று வைத்தியம் சொல்லி இரண்டு கொடுத்திருக்கிறாள். டிரைவர் வண்டி ஓட்டுகிறார், அவருக்கு மட்டும் இல்லையா?

"சரி, நீலத்துலருந்து எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஏ எய்யா, அக்கா பாவம், மெட்ராஸ்ல கெடக்கா. மாமா அங்கன பெங்களூர்ல. நீங்க இந்தா இருக்கிய. நெனச்சா வந்து திங்கலாம்லா?"

நான் மேலே சொன்ன அரசியல் இதுதான். தூரத்தில் போனவனுக்குச் சம்படம் நிறைய. பக்கத்தில் இருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்து, பென்ஷன் பாஸ்புக் பதிந்து கொடுத்து, கரண்டு பில் கட்டுகிறவனுக்கு 'நெனச்சா வந்து திங்கலாம்.' நினைத்து ஒரு தரம் போயிருக்கிறேன். "வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா, நேத்துதான் காலியாச்சு" என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். களி நன்றாகத்தான் இருந்தது. அது வேறு.

கொடுத்தது மட்டுமில்லை, வந்ததும் உண்டு. பையின் அடியிலிருந்து அகத்திக்கீரைக் கட்டு ஒன்று, கொய்யாப்பழம், பாதி முழம் பிச்சிப்பூ எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவி, எங்கள் அப்பா பெயர் எழுதி, 'குடும்பத்தாருடன்' என்று போட்டிருந்தது. பேனா கண்டக்டருடையதாம். பத்தமடைப் பக்கத்து ஆள், பஸ்ஸில் பத்திரிகை வைக்கப் போய்க்கொண்டிருந்தவர், முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டு வைத்துவிட்டார். முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணம்.

"போவலன்னா நல்லாருக்காதுளா. வாய் நெறயக் கூப்பிட்டாரு."

"அப்படி பஸ்ல என்னதாம்மா பேச்சு ஒனக்கு?" என்றாள் அம்மா.

"வீட்டுல யாருகிட்ட பேசச் சொல்லுத? பல்லிகிட்டயா? காப்பியப் போடு, தலைய வலிக்கி."

சாயங்காலமே மில்லுக்குப் புறப்பட்டாயிற்று. முறுக்குக்கு அரிசியை ஊறப்போட்டு, வேட்டியில் நிழலுணத்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் மில்லில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ரேஷன் கடையே தேவலை. நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் முறை வந்துவிட்டது. ஆச்சி பின்னால் நின்ற அம்மாளிடம், "நீங்க மொதல்ல அரைங்கம்மா, வீட்டுல பிள்ளைய காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். அந்த அம்மாள் உருகிப்போய்விட்டார். எனக்கும் ஆச்சியைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் காதோடு சொன்னாள்: "இப்பதான் மெஷின்ல மிளகாவத்தல் அரைச்சான். மொத மாவுல காரம் நிக்கும்." அந்த அம்மாள் என்ன பலகாரம் பண்ணப் போகிறாரோ, பாவம். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவும் அத்தானும் மறுநாள் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தார்கள். அத்தானுக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வந்த அன்றைக்கே டவுனுக்குப் போய், நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கிற கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கி வந்தால்தான் அவருக்குத் திருநெல்வேலி வந்ததாகக் கணக்கு. உள்ளூர்க்காரன் ஒருவனும் தனக்காக அந்த வரிசையில் நிற்பதில்லை. வெளியூர்ச் சொந்தக்காரருக்காகத்தான் நிற்கிறோம்.

கைமுறுக்கு சுற்றுகிற அன்று அத்தானுக்கும் ஆசை வந்துவிட்டது. வெள்ளைத் துணியை விரித்து, ஆச்சி பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் திரித்துத் திரித்து விட, அது பாட்டுக்கு முறுக்கிக்கொண்டு இறங்கி அஞ்சு சுற்று வந்து நிற்கும். பார்த்துக்கொண்டே வாசல் வரை போய் யாரோடோ பேசிவிட்டு வருவாள், விரல் நிற்காது. அத்தான் சுற்றியது மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி கிடந்தது. அம்மா அதைப் பிடுங்கி மாவில் சேர்க்கப் போனாள். ஆச்சி விடவில்லை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பேத்தி மாப்பிள்ளை கை பட்டது, தனியாப் போட்டு எடு" என்றாள். எடுத்தார்கள். உள்ளே வேகாமல் வெளியே கருகி வந்த அந்த முறுக்குகள் மொத்தமும் ஒரு தட்டில் வைத்து, மரியாதையாக, என் முன்னால் வைக்கப்பட்டன.

"நீ தின்னுருவே, நம்ம வீட்டுப் பிள்ளை."

தீபாவளி எப்போதும் போலத்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், லேகியம் தின்றோம், மழை பெய்து வெடி நமுத்தது. அக்கா நீலச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். பத்தமடைக் கல்யாணத்துக்கும் போய் வந்தோம். பந்தியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்து, சொந்தக்காரர்களுக்கு மேல் கவனித்தார்கள். அப்பாவே இரண்டாம் தரம் பாயசம் கேட்டார்.

ஆச்சியைக் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. கார் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை. திரும்பிப் போகிற மூட்டை வந்ததைவிடப் பெரிது. உருளை, வெங்காயம், பழைய மிக்ஸி ஒன்று, காலியான சம்படங்கள். ஜங்ஷனில் சேர்மாதேவி வண்டி வந்து நின்றதும், படியிலிருந்தபடியே கண்டக்டர், "வாங்க ஆச்சி! எங்க, ஆளயே காணும்?" என்றார். முன் சீட்டில் யாரையோ எழுப்பி ஆச்சிக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரி கேட்டா ஆச்சி, அந்தப் பலகாரம் எப்படிச் செய்யணும்னு." ஆச்சி உடனே சிறுபயறிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். வண்டி மேலப்பாளையம் தாண்டுவதற்குள் முன்பக்கம் பாதி பஸ் பாகுப் பதத்துக்கு வந்துவிட்டது.

நான் மூட்டையை அணைத்துக்கொண்டு பின்பக்கம் நின்றேன். கண்டக்டர் வந்தார்.

"ஆச்சி பேரனா சார் நீங்க?"

"ஆமா" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"சேர்மாதேவி ஒண்ணா? மூட்டை பெருசா இருக்கே சார், அதுக்கும் லக்கேஜ் போடணும். பரவால்ல, ஆச்சி மூட்டைதானே..." என்று இழுத்தார்.

முன் சீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"அதுக்கும் போட்டுருங்கய்யா, அவன் குடுப்பான். கவர்மெண்டு வண்டில்லா, நட்டப்படப்பிடாது!"