பேரரசர் ஆரஞ்சு உரித்த நேரத்தில்

அரை லிட்டர் பால் தீய்ந்துபோனதற்கு முழுப் பொறுப்பும் சீனப் பேரரசரையே சேரும். நான் அடுப்பை சிம்மில்தான் வைத்திருந்தேன். போனில் நான் படிக்கும் சீன அரண்மனை நாவலின் 412-வது அத்தியாயத்தில் மந்திரிகளை எல்லாம் வாசலில் காக்கவைத்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் தன் ராணிக்கு அவர் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுக்கிறார் மனுஷன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவர் செய்த அதிகபட்ச சேவை, "மாத்திரை போட்டியா?" என்று ஹாலில் இருந்து ஒரு குரல் கொடுத்தது. அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அந்த இடத்தில் போனைக் கீழே வைப்பேனா?

வாசனை வந்து ஓடியபோது பால் திரட்டுப்பால் கட்டத்தையும் தாண்டிக் கரியாகியிருந்தது. அத்தை எனக்கு முன்னால் அங்கே நின்றார்.

"யாரு போன்ல?"

"யாரும் இல்லை அத்தை. சீனாவுல ஒரு ராஜா."

உளறிவிட்டேன். "சரி, பாத்திரம் ஊறட்டும். நீ சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த ரகக் கதைகளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆபீஸ் வேலையில் நொந்துபோன ஒரு பெண் தூங்கி எழுந்தால், சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் வம்சத்து அந்தப்புரத்தில் கடைசிப் படியில் இருக்கும் ராணியாகக் கிடப்பாள். பிறகு சாப்பிடுவாள், தூங்குவாள். அரசர் இவள் சாப்பிடும் அழகைப் பார்த்தே மயங்குவார். விஷம் கிடையாது, சதி கிடையாது. கை கோத்து நடக்கவே நூறு அத்தியாயம் ஆகும். அத்தைக்குக் கொட்டாவி வந்தது. இருபது வருடமாக சீரியலில் பால் சொம்பில் விஷம் கலப்பதைப் பார்த்துப் பக்குவப்பட்ட மனசு அது. "யாரும் யாரையும் கெடுக்கலையா? அப்புறம் எதுக்கு 400 அத்தியாயம்?"

கதை எடுபடவில்லை என்றதும் நிஜத்துக்குத் தாவினேன். சிங் அரண்மனையில் ராணிகளுக்குப் படிநிலை உண்டு. பட்டத்தரசி 1, அவருக்கு அடுத்த படியில் 1, அதற்கும் கீழே 2, அப்புறம் 4, அப்புறம் 6. அதற்குக் கீழே மூன்று படிகள். அங்கே எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. எந்தப் படிக்கு எவ்வளவு இறைச்சி, எவ்வளவு கரி, எத்தனை மெழுகுவர்த்தி என்று எல்லாவற்றுக்கும் அளவு எழுதி வைத்திருந்தார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேஷன் என்றால் அவருக்கு உயிர். "எடை சரியா போட்டாங்களாமா?"

ராத்திரிச் சாப்பாட்டின்போது ராணிகளின் பெயர் எழுதிய, தலையில் பச்சை பூசிய சின்னப் பலகைகளைத் தட்டில் வைத்து அரசரிடம் நீட்டுவார்களாம், எதைத் திருப்பிப் போடுகிறாரோ அன்றைக்கு அவர்தான் என்றேன். அப்போதுதான் சின்னவன் மேஜைக்கடியில் இருப்பதைப் பார்த்தேன். கணக்கு வாய்ப்பாடு சொன்னால் கேட்காத காது. ராத்திரி எட்டு மணிக்கு ஐஸ் குச்சி மூன்றை எடுத்து, நுனியில் பச்சை ஸ்கெட்ச் அடித்து, தட்டில் கவிழ்த்து இவர் முன்னால் மண்டியிட்டு நீட்டினான். "மன்னா, டிபனைத் தேர்ந்தெடுங்கள்." இவரும் மீசையைத் தடவிக்கொண்டு ஒன்றைத் திருப்பினார். உப்புமா. முகம் சுருங்கி அடுத்ததைத் திருப்பினார். உப்புமா. மூன்றாவதையும் பார்த்துவிட்டு, "அரண்மனையில சதி நடக்குது" என்றார். குச்சிகளில் எழுதியது என் கையெழுத்து என்பதை அவர் கவனிக்கவில்லை.

அதற்கு முன், சமையலறைப் பேச்சின் இடையில் அத்தை ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தியோட ஒழுங்கா வாழ்ந்தவன் ஒருத்தன்கூடவா இல்லை?" இருக்கிறாரே! சிங்குக்கு முன்னால் ஆண்ட மிங் வம்சத்துப் பேரரசர் ஹோங்ஜி, 1487 முதல் 1505 வரை ஆண்டவர். ஒரே மனைவி, துணை ராணி என்று ஒருவர்கூடக் கிடையாது. நான் உருகி உருகிச் சொல்லி முடிக்க, அத்தை நிதானமாக, "அப்போ மச்சினனுங்க ஆட்டம் போட்டிருப்பானுங்க" என்றார். பேச்சு நின்றுவிட்டது எனக்கு. அந்த அரசியின் தம்பிகள் இரண்டு பேர் அடித்த கொட்டம் நிஜமாகவே வரலாற்றில் இருக்கிறது. இவர் எந்தச் சீன ஏட்டைப் படித்தார்?

தோற்றுப்போன கடுப்பில் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சிங் வம்சத்து சியான்லாங் பேரரசர். அவருடைய முதல் பட்டத்தரசி ஃபூச்சா 1748-ல் கணவரோடு யாத்திரை போன வழியில் ஜினான் ஊரில் உடம்பு சரியில்லாமல் விழுந்து, திரும்பும்போது இறந்துவிட்டார். சியான்லாங் அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இருந்தார். ஜினான் பக்கம் போகும்போதெல்லாம் ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டே போனார், அதைப் பாட்டாகவும் எழுதி வைத்தார்.

"இருக்கும்போது நாற்பது பேரைக் கட்டிக்கிட்டு, போனப்புறம் ஊரைச் சுத்திக்கிட்டுப் போனானாம்" என்றார் அத்தை.

இனிமேல் இந்த வீட்டில் காதல் பற்றிப் பேசுவதில்லை என்று எழுந்தேன். போகிற போக்கில்தான் ஃபூச்சா தைத்த ஒரு பையைப் பற்றிச் சொன்னேன். பழைய காலத்தில் தங்க நூல் கிடையாது, மான் முடியை வைத்துத்தான் நம் முன்னோர்கள் அழகு செய்தார்கள் என்று சியான்லாங் ஒருமுறை சொல்லியிருக்கிறார். உடனே அந்த அம்மா அதேபோல ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்திருக்கிறார், சிக்கிமுக்கிக் கல் போட்டுக்கொள்ள. அடுத்த வருடம் அவர் இல்லை. பை இன்னும் தைபேயில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"சுருக்குப்பையா? காட்டு."

போனில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் தீய்ந்த கதை, நாற்பது பேர் கதை எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை. "ராஜா வீட்டுப் பொண்ணுக்கு வேலை தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

அத்தை வெற்றிலை போடுவதில்லை, மாமாதான் போடுவார். மாமா போய் ஆறு வருடமாகிறது. அந்தச் சுருக்குப்பையில் இன்னும் ஏன் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

பால் பாத்திரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.