ஆலயப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

சென்ற மாதம் பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகன், காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சித்தப்பா, கர்த்தருக்கு முன்னாடி வாக்குக் கொடுத்தா போதாதா? நடுவுல அரசாங்கம் எதுக்கு?" அவனுக்கும் அவன் மணக்கவிருக்கும் பெண்ணுக்கும் ஒரு ஜெபக்கூட்டத்தில் எளிமையாக இணைந்துவிட வேண்டும் என்று ஆசை, மண்டபச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதில் இருந்தது என்பது என் ஊகம்.

அவன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேதாகமத்தில் திருமண ஆராதனை முறை என்று எதுவும் எழுதப்படவில்லை. ஈசாக்கு ரெபெக்காளைத் தன் தாயின் கூடாரத்துக்கு அழைத்துச் சென்றான், அவள் அவனுக்கு மனைவியானாள் என்பதோடு ஆதியாகமம் முடித்துக்கொள்கிறது. இலத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கர்கூட, மெய்விவாகம் என்னும் திருமண அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே என்றும், குருவானவர் திருச்சபையின் சாட்சியாகவே நிற்கிறார் என்றும் போதிக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சாட்சி எப்படிக் கட்டாயமாயிற்று என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. நடுக்கால ஐரோப்பாவில் இருவர் தனிமையில் பரிமாறிக்கொண்ட சம்மதமும் செல்லுபடியான திருமணமாகவே கொள்ளப்பட்டதால், இரகசியமாக வாக்குக் கொடுத்த ஒருவன் பின்னாளில் அதை மறுத்து வேறொருத்தியை ஊரறிய மணந்துகொண்டால், முதல் பெண்ணிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று விதித்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். திருமணங்களை ஏட்டில் எழுதிவைக்கும்படி பங்குக்குருக்களுக்குக் கட்டளையிட்டதும் அதே சங்கம். ஆக, பதிவேடு என்பதை அரசாங்கம் சபைக்குள் நுழைத்த அந்நியப் பொருளாக நான் பார்ப்பதில்லை. சீர்திருத்தச் சபையாராகிய எங்களுக்கு இதில் இன்னும் தயக்கம் குறைவு. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரே திருமணத்தை உலகியல் காரியம் என்றுதான் சொன்னார்.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சபையின் சடங்கு, அரசின் பதிவு இரண்டையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறது. மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண அறிவிப்பாகிய ஓலை வாசித்து, தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்ததும், புகைப்படக்காரர் பொறுமையிழந்து நிற்க, மணமகள் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு பெரிய ஏட்டில் கையெழுத்திடுகிறாளே, அந்த மேசையில் சபைப் போதகரான ஆயர் சட்டத்தின் ஆளாகவும் அமர்ந்திருக்கிறார். பேராயரால் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு அந்த அதிகாரம் சட்டத்திலேயே உண்டு. தனிச் சபைகளின் போதகர்கள் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்திவைப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றதும் பையன் காபியைக் கீழே வைத்தான்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். உரிமம் இல்லாத ஒரு போதகர் வீட்டு ஜெபத்தில் நடத்திவைத்த திருமணம். முப்பது ஆண்டு ஒழுங்கான இல்லறம். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அவர் மஞ்சள் துணிப்பையில் எடுத்துச் சென்றதெல்லாம் ஒரு பழைய புகைப்படமும், போதகர் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்த வேதாகமத்தின் முதல் பக்கமும்தான். கர்த்தருக்கு முன்பாக அவர் மனைவிதான் என்பதில் தெருவில் எவருக்கும் சந்தேகமில்லை. அலுவலகத்தில் அதை எழுதத்தான் கட்டம் இல்லை.

பிரிவிலும் இதே கதைதான். திருச்சபையின் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என அறிவித்தாலும் நாட்டின் சட்டத்தில் அந்தத் திருமணம் அப்படியே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. திருச்சபையின் அறிவிப்பை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாமல் மறுமணம் செய்துகொள்பவர் சட்டத்தின் பார்வையில் இரண்டு துணை உடையவராகிறார். மறுதலையாக, குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியவரைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்னமும் மணமானவராகவே கருதுகிறது. இந்த இடைவெளி உண்மையானது, வேதனையானது. சில சபைகளில் இதைப் பிரசங்கத்தில் தொடவே பயப்படுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

நம் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்து முறையில் நடந்த திருமணத்தையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவனிடம் சொன்னேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். ஜெபக்கூட்டம் இருக்கிறது, ஆனால் முந்தின நாள் மாலை, திருமணம் ஆலயத்தில். ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம், அண்ணியின் பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.