ரசீதில் இருந்த இஞ்சி

கூடலூர்ச் சந்தையில் சென்ற வாரம் இரண்டு கிலோ இஞ்சி வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. அவர் சொன்னதும் இஞ்சி, நான் கேட்டதும் இஞ்சி. ரசீதில் மட்டும் அது ‘ஜிஞ்சர்’ ஆகியிருந்தது. நம் இஞ்சியைச் சொல்ல வராமல் வெள்ளைக்காரன் அப்படித் திரித்துவிட்டான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால், ஆங்கிலேயர் மலபாருக்குக் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஜிஞ்ஜிஃபெர்’ என்று வழங்கியிருக்கிறது. அது லத்தீனின் ‘ஜிங்கிபெர்’, அதற்கு முன் கிரேக்கத்தின் ‘ஜிங்கிபெரிஸ்’, அதற்கும் பின்னால் பாலி மொழியின் ‘சிங்கிவேர’.

சமஸ்கிருதத்தில் இது ‘சிருங்கவேர’. கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்வார்கள். கிளைத்த இஞ்சித் துண்டைக் கையில் எடுத்தால் மான்கொம்பு நினைவுக்கு வரத்தான் செய்கிறது. பொருத்தமான கதை, ஆனால் கதைதான். ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பர்ரோ, தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற சகரம் உதிர்ந்துபோவதைப் பற்றி 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘சிறகு’ ஒருபுறம் இருக்க, ‘இறகு’ என்றும் நாம் சொல்கிறோம் அல்லவா, அந்த வழக்கம்தான். இஞ்சிக்கும் அப்படி முன்னால் ஒரு சகரம் இருந்திருக்க வேண்டும். அதனோடு ‘வேர்’ சேர்ந்தால் ஏறக்குறைய பாலிச் சொல்லே கிடைத்துவிடுகிறது.

ஆக, முன்னெழுத்தையும் உதிர்த்து, பின்னால் நின்ற வேரையும் விட்டுவிட்டு நடுத்துண்டை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். கடல்கடந்து போன சொல்லோ, முதலில் ஒரு ‘ஜி’யாகவும் கடைசியில் ஒரு ‘அர்’ ஆகவும் இரண்டின் சுவட்டையும் இன்றுவரை சுமக்கிறது. (தாவரவியல்படி இஞ்சி வேரே அல்ல, மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. அதன் உண்மையான வேர் அடியில் நூல்நூலாகத் தொங்குவது. வீட்டில் கழுவும்போது அதைத்தான் கிள்ளி எறிகிறோம்.)

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, இஞ்சி மிளகுக்கொடியின் வேர் என்று சிலர் நினைப்பது தவறு என்று எழுதியதோடு விலையையும் குறித்துவைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் இஞ்சி 6 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), கருமிளகு 4. எங்கள் மலையில் இன்று அந்தக் கணக்கு தலைகீழ். மிளகு மூட்டை வைத்திருப்பவர் விலைக்குக் காத்திருக்கலாம், பச்சை இஞ்சியைத் தோண்டிவிட்டவர் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.